கொக்கு பார்க்காத மூன்றாம் சுற்று

கோரைக்குளத்துக் கரையில் செம்பன், திரிகொம்பன் என்ற இரண்டு கலைமான்கள் மோதி முடித்து ஐந்து நாளாகிவிட்டது. மோதியவை இரண்டும் அவரவர் கூட்டத்தில் படுத்துக் காயத்தை நக்கிக்கொண்டிருந்தன. மோதாதவைதான் இன்னும் மோதிக்கொண்டிருந்தன.

"முதல் சுற்று செம்பனுக்கு. அதில் பேச்சே இல்லை!" என்றது கரை வேலமரத்தில் இருந்த காகம்.

"யார் இல்லைன்னா? ரெண்டாவது சுற்று திரிகொம்பனுக்கு. செம்பன் மண்டி போட்டதை நீ பார்க்கலையா?" என்றது மைனா.

"மண்டி போடலை. கால் வழுக்குச்சு."

"வழுக்கி விழுந்தாலும் விழுந்தது விழுந்ததுதான்."

"சரி, மூணாவது யாருக்கு?" என்று அணில் கேட்டது.

அவ்வளவுதான். வேலமரமே கலகலத்துப் போனது. காகம் ஒன்று சொல்ல, மைனா ஒன்று சொல்ல, யார் பேச்சும் யார் காதிலும் விழவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். காட்டு வாய்க்கும் அதே கதைதான்.

மரத்தடியில், கணுக்கால் தண்ணீரில் நின்றபடி, நெடுங்காலன் என்ற கொக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மூன்றாம் சுற்றுக்குத் தீர்ப்புச் சொன்ன மூன்று பேரில் அதுவும் ஒன்று.

கோரைக்குளத்து வழக்கம் இது. மழைக்காலம் முடிந்ததும் இரண்டு கூட்டத்துக் கலைமான்களும் கரையில் மூன்று சுற்று மோதும். ஜெயித்தவனின் கூட்டம் அந்தக் கோடை முழுக்க முதலில் தண்ணீர் குடிக்கும். புற்றுப் பக்கம் ஆமை, வேலமரத்து அடியில் உடும்பு, தண்ணீரில் கொக்கு என்று மூன்று பக்கமும் நடுவர்கள். ஆளுக்கு ஒரு கூழாங்கல். மோதல் முடிந்ததும் யார் ஜெயித்ததாகத் தோன்றுகிறதோ அவன் காலடியில் கல்லை வைக்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. "நான் சரியாகப் பார்க்கவில்லை" என்று ஒரு நடுவர் பிறகு சொல்லித் தன் கல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். கல் சமமானால் மோதல் சமம். இரண்டு கூட்டமும் சேர்ந்து குடிக்கும். மறு வருஷம் வரைக்கும் மோதல் கிடையாது.

இந்த வருஷம் ஆமை செம்பனுக்கு வைத்தது. உடும்பு திரிகொம்பனுக்கு வைத்தது. கொக்கும் திரிகொம்பனுக்கே வைத்தது. இரண்டுக்கு ஒன்று.

நெடுங்காலன் மனசறிந்த உண்மை என்ன தெரியுமா? மூன்றாம் சுற்றை அது பார்க்கவே இல்லை.

கொம்போடு கொம்பு மாட்டி இரண்டும் மூச்சிரைத்துக்கொண்டிருந்த நேரம். ஒரு கொழுத்த கெண்டை கொக்கின் காலில் உரசிக்கொண்டு போனது. கழுத்து தானாகக் கீழே போய்விட்டது. கெண்டையோ லேசில் வசப்படவில்லை. துள்ளி, நழுவி, மறுபடி சிக்கி, விழுங்கி முடித்துத் தலையைத் தூக்கினால், மான்கள் பிரிந்து நிற்கின்றன. தூசி அடங்கிக்கொண்டிருக்கிறது. "திரிகொம்பன்! திரிகொம்பன்!" என்று பக்கத்துக் கிளையில் மைனாக் கூட்டம் கத்துகிறது. கொக்கு அலகில் கல்லைக் கவ்விக்கொண்டு போய்த் திரிகொம்பன் காலடியில் வைத்துவிட்டது.

பசி எல்லாருக்கும் வருவதுதான். மீனைப் பிடித்ததைக் குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் செய்ததுதான் குற்றம்.

"இப்படிப் பேசிப் பிரயோஜனமில்லை. திரும்ப மோத விடுவோம். யார் பலசாலின்னு தெரிஞ்சிடும். அதில் ஜெயிக்கிறவனை அடுத்து காட்டுப்பன்றியோடு விடலாம்" என்றது குரங்கு.

"பன்றி என்ன பன்றி, காட்டெருமையோடு விடு!" என்றது அணில்.

காட்டெருமையைக் கேட்டார்களா? இல்லை. மானைக் கேட்டார்களா? அதுவும் இல்லை. மரத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் கொம்பும் கிடையாது, குத்துப்பட்ட கண்ணும் கிடையாது. வாய்தான் இருந்தது.

அன்று வெயில் சாயும் நேரத்தில் செம்பனின் துணையான மருதி என்ற பெண்மான் தனியாகக் குளத்துக்கு வந்தது. தண்ணீரில் வாய் வைக்காமல் கொக்கின் எதிரே வந்து நின்றது.

"ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேள் அம்மா."

"அவருக்கு இடது கண்ணுக்குக் கீழே கொம்பு கிழிச்சிருக்கு. வீங்கி, கண்ணே தெரியலை. ஒரு மாசம் தலையை முட்டாம இருந்தா ஆறிடும். இன்னொரு அடி பட்டா அந்தக் கண்ணு போயிடும். குரங்கு தினம் வந்து 'வா, வா'ன்னு கூப்பிடுறான். இவர் போகவா வேண்டாமான்னு தவிக்கிறார். தோத்தது அவருக்குப் பெரிசில்லை ஐயா. 'மூணாம் சுற்றில் நான்தானே தள்ளினேன், கொக்கு ஐயா அதைப் பார்த்தும் ஏன் அப்படிச் சொன்னார்?'னு அதையே நினைச்சு உருகுறார். நீங்க பார்த்ததைச் சொல்லுங்க. நிஜமாவே தோத்திருந்தா அவரைச் சமாதானப்படுத்திடுவேன். உங்களுக்குச் சரியாத் தெரியலைன்னா அதையாவது சொல்லுங்க. கல்லை எடுத்துட்டா சமமாப் போயிடும். அவர் வீட்டோட இருப்பார்."

 சொல்லிவிடலாம் என்றுதான் நெடுங்காலன் நினைத்தது. ஆனால் நிமிர்ந்தபோது, மரத்தில் காகமும் மைனாவும் குரங்கும் பேச்சை நிறுத்திவிட்டுத் தன்னையே பார்ப்பது தெரிந்தது. 'மீனுக்குக் குனிந்த நடுவர்' என்று காடு முழுக்கச் சிரிக்கும். ஏழு வருஷமாகக் கட்டிக் காத்த பெயர் ஒரு கெண்டையோடு போய்விடும்.

"நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். திரிகொம்பன்தான் தள்ளினான்" என்றது.

"எந்தப் பக்கமா ஐயா?"

பொய் சொன்ன வாய் அடுத்த பொய்க்கு யோசிக்குமா? "குளத்துப் பக்கமாக. செம்பனை என் காலடி வரைக்கும் கொண்டுவந்து தள்ளினான்."

மருதி தலையைக் குனிந்து கரை மண்ணைப் பார்த்தது.

"மோதல் முடிஞ்சதும் அவர் முகத்தைக் கழுவிவிட இங்கேதான் தண்ணி எடுத்தேன் ஐயா. அப்போ இந்த ஈர மண்ணில் ஒரு குளம்புத் தடம்கூட இல்லை. அவங்க நின்னது அந்தப் புற்றுப் பக்கம்."

கொக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.  மருதி தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டது.

போனது சும்மா போகவில்லை. கேட்டதை அப்படியே செம்பனிடம் சொன்னது. சொன்னால் கோபம் வரும் என்று அதற்குத் தெரியும். ஆனால் கட்டினவனிடம் அது எதையும் மறைத்ததில்லை. அதுவரை போகலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்த செம்பன் எழுந்து நின்றுவிட்டது.

"தெரியலைன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். பார்த்தேன்னு பொய் சொல்றார். இனிமே நான் வீட்டில் இருந்தா, அந்தப் பொய்யை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். குரங்கை வரச் சொல்லு."

மருதி அழுது பார்த்தது. செம்பன் அசையவில்லை.

மூன்றாம் நாள் காலை என்று முடிவானது. செய்தி தெரிந்ததிலிருந்து நெடுங்காலனுக்கு இரை இறங்கவில்லை. மோதலுக்கு முந்தின நாள் ஆமை மெல்ல நீந்தி அதன் அருகே வந்தது.

"நெடுங்காலா, நான் புற்றுப் பக்கம் இருந்தேன். எனக்கு நேர் எதிரே நீ. மூணாவது சுற்றில் உன் தலை தண்ணிக்குள்ளே இருந்தது."

"அப்போதே சொல்லியிருக்கலாமே?"

"உன் கல்லை நீதானே எடுக்கணும். நான் எடுக்க முடியாதே. இன்னும் ஒரு ராத்திரி இருக்கு. யோசி."

யோசித்தது. விடிய விடிய ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. காலையில் சொல்லிவிடுவது என்று முடிவும் செய்தது. ஆனால் காலையில் கரை நிரம்பி வழிந்தது. பக்கத்துக் காட்டிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கொக்கு தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தது. "ஆரம்பிங்க! ஆரம்பிங்க!" என்று மரம் மொத்தமும் கத்தியது. வைத்த அடியைக் கொக்கு பின்னுக்கு எடுத்துக்கொண்டது. முதல் சுற்று முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டது.

அன்றைக்கு அது இமை கொட்டவில்லை. கால்களுக்கு நடுவே இரண்டு கெண்டைகள் தாராளமாகப் போய்வந்தன. கொக்கு குனியவே இல்லை. பார்க்க வேண்டிய அன்றைக்குப் பார்க்காமல், இன்றைக்குப் பார்த்து என்ன லாபம்?

எல்லாவற்றையும் பார்த்தது. செம்பன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பதைப் பார்த்தது. இடது பக்கம் அதற்குத் தெரியவில்லை என்பதைப் பார்த்தது. திரிகொம்பன் பின்வாங்கி, சுற்றி, அதே இடது பக்கமாகப் பாய்வதையும் பார்த்தது.

"செம்பா, இடது பக்கம்!" என்று கத்தியது கொக்கு.

நடுவர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. திறந்தும் பலனில்லை. கொம்பு போய் இறங்கிவிட்டது.

 செம்பன் புற்றருகே மண்டியிட்டிருந்தது. இடது கண் இருந்த இடத்தில் இரத்தம் வழிந்தது. மருதி ஓடி வந்து அந்தப் பக்கம் தன் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டது. திரிகொம்பன் இரண்டடி பின்வாங்கி நின்றது. இப்படி ஆகும் என்று அது நினைக்கவில்லை, பாவம்.

நெடுங்காலன் தண்ணீரை விட்டு வெளியே வந்தது. எல்லாருக்கும் நடுவில் வந்து நின்றது.

"நான் பார்க்கவில்லை. அன்றைக்கு மூன்றாம் சுற்றை நான் பார்க்கவே இல்லை. மீனுக்குக் குனிந்துவிட்டேன். என் கல்லை எடுத்துக்கொள்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. எதற்குப் பயந்து அது எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததோ, அந்தச் சிரிப்பு வரவே இல்லை.

செம்பன் மிச்சமிருந்த கண்ணால் அதை ஏறிட்டுப் பார்த்தது. குரலில் கோபம்கூட இல்லை.

"இதை மருதி கேட்டப்போ சொல்லியிருந்தா, நான் வீட்டுக்குள்ளேயே படுத்திருப்பேனே ஐயா."

கொக்கு ஒதுங்கி வழி விட்டது. 

செம்பனும் மருதியும் மெல்ல நடந்து போயின. போகும்போதும் மருதி செம்பனின் இடது பக்கமாகவே நடந்தது. அதற்கப்புறம் ஆயுசு முழுக்க அது அந்தப் பக்கம்தான் நடந்தது. அவை புதர் தாண்டி மறைவதற்குள் மரத்தில் பேச்சு தொடங்கிவிட்டது.

"கொக்கு கல்லை எடுத்துட்டார்னா முதல் மோதல் சமம். அப்போ செம்பன் தோக்கலைன்னு நான் சொன்னதுதானே சரி?" என்றது காகம்.

"பாதி சரி. இன்னைக்கு ஜெயிச்சது யாரு, அதைச் சொல்லு" என்றது மைனா.

"அதை விடுங்க. பன்றிகிட்ட யார் போய்ப் பேசுறது?" என்றது குரங்கு.

நெடுங்காலன் தன் கூழாங்கல்லை அலகில் கவ்விக்கொண்டு போய், குளத்தின் ஆழமான இடத்தில் போட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் யார் யாரோ கூப்பிட்டுப் பார்த்தார்கள். நடுவர் இடத்தில் அது ஒரு நாளும் நிற்கவில்லை.

தன் தவறை ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிறவர், பிறருக்குத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் நிற்கவே கூடாது.