மலையேறிப் போட்ட வருகை

ஓந்திமலை அடிவாரத்துப் பள்ளியில் செங்கமலம் சத்துணவுச் சமையல்காரி. குடலிறக்க ஆபரேஷன் செய்ய வேண்டுமென்றால் எட்டு கிலோ குறைந்தே ஆகணும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவளையும், அதேபோல் எட்டு கிலோ குறைக்க வேண்டிய ஊர்ப் பெண்கள் பத்துப் பேரையும் ஆன்லைன் எடைக்குறைப்பு வகுப்பில் சேர்த்தும் விட்டார்.

பயிற்சியாளர் பிரசன்னா சென்னையிலிருந்து போன் செய்தார். "தினமும் காலை ஆறு மணிக்கு வீடியோ வகுப்பு. வருகை போடாதவங்க பேரை எடுத்துடுவேன்."

"சார், ஊருக்குள்ள போன்ல பேச மட்டும்தான் முடியும். நெட் மலை உச்சியிலதான் கொஞ்சம் கிடைக்கும்."

"அப்ப மலையேறிப் போடுங்க. சாக்கு சொல்லாதீங்க."

நாலு மாதம் கழித்து பிரசன்னா நேரிலேயே வந்தார். சுகாதார நிலையத்தில் எடை பார்த்தார்கள். செங்கமலம் எட்டு கிலோ குறைந்திருந்தாள். மற்றவர்களுக்கும் ஐந்து, ஆறு கிலோ இறங்கியிருந்தது. மைக் கிடைத்தால் பிரசன்னா விடுவாரா? எல்லாம் தன் வீடியோவின் மகிமை என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, செங்கமலத்திடம் மைக்கை நீட்டினார்.

"என்னோட எந்தப் பயிற்சி உங்களுக்குப் பலன் கொடுத்துச்சு?"

"வருகை போடுறதுதான் சார். அதுக்குத் தினமும் நானூறு படி ஏறி இறங்கினோம். வருகை விழுந்துடும். வீடியோதான் ஒருநாளும் ஓடல, சுத்திக்கிட்டே இருக்கும். உங்க முகத்தையே இன்னைக்குத்தான் பாக்குறோம்."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிரசன்னாவின் முகம் சுண்டிப்போனது. மைக்கை வாங்கி, "ஊருக்குள்ளேயே ஒரு டவர் வைக்கச் சொல்றேன்," என்றார்.

பெண்கள் பதறிப்போனார்கள்.

"ஊருக்குள்ள வேண்டாம் சார்," என்றாள் செங்கமலம். "எதிர்மலை இன்னும் உசரம், அங்க வைங்க. இவங்களுக்கெல்லாம் இன்னும் ரெண்டு மூணு கிலோ பாக்கி இருக்கு."