மலையைத் தாங்கிய சன்னாசி

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் இந்த வருஷம் தேர்வடத்தை முதலில் தொடுகிறவள் இருளாயிதான் என்று லயத்து வரிசைவீட்டு ஜனம் பேசி முடித்திருந்தது. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்த கைக்கு ஒரு மரியாதை. அந்த நேரம் பார்த்து, கொழும்பில் கடை போட்டு முதலாளியாகிவிட்ட சன்னாசி வந்து இறங்கினான், பட்டுக்கரை வேட்டியும் விரலுக்கொரு மோதிரமுமாக.

தேர் கிளம்பும் நேரம் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் தகரக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். சன்னாசிக்கு அது போதாதா?

"எட்டு வயசுல ஒரே நாள்ல கொழுந்தெடுத்தேன் பாருங்க, மலையே மொட்டையாயிருச்சு! வெயில் பட்டு மின்னுன மின்னுல தொரைக்குக் கண்ணு கூசி, மூணு நாள் பங்களாக் கதவையே தொறக்கல."

இருளாயி அவனுக்கு இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவள். எட்டு வயதில் அவன் எடுத்ததெல்லாம் அடுத்த வீட்டு ரொட்டி.

"அம்புட்டுக் கொழுந்த யாருப்பா சுமந்தது?" என்றார் லாரி ஓட்டும் செபமாலை.

"சிறுத்தை! வாலைப் புடிச்சு ரெண்டு அறை விட்டேன். அதிலருந்து விடிஞ்சா வாசல்ல வந்து நிக்கும். எங்கம்மா அதுக்கும் ஒரு கோப்பை தேயிலைச் சாயத்தண்ணி ஊத்தும்."

"சீனி போட்டா?"

"சக்கரைக்கட்டி தனியா. கடிச்சுக்கும்."

கொட்டகை சிரித்தது. சன்னாசிக்குச் சூடேறியது.

"என் ரத்தத்தக் குடிச்ச அட்டைங்க இருக்கே, சாரைப்பாம்பு தண்டிக்குப் பெருத்துரும். ரெண்ட முடிஞ்சு மாடு கட்டுவோம்! அதெல்லாம் கெடக்கட்டும். பெருமழை வருசம் மலை சரிஞ்சப்ப பன்னெண்டு வீட்டுச் சனமும் எப்பிடிப் பொழச்சுச்சு? நாந்தான் முதுகக் குடுத்து மலையத் தாங்கிக்கிட்டு நின்னேன். சனங்க ரொட்டி சுட்டுத் தின்னுட்டு, சட்டிபானையத் தூக்கிக்கிட்டு, ஆற அமர எறங்கிப் போனாங்க."

இருளாயியின் வாயில் வெற்றிலை கசந்தது. அன்றைக்கு வீடு வீடாக ஓடித் தகரத்தைத் தட்டி ஜனத்தை வெளியேற்றியவர் அவளுடைய அப்பா. கடைசி வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. அவரை மூடிய மண்ணில் இப்போது தேயிலை நிற்கிறது.

கோயில் கமிட்டித் தலைவர் பழனியாண்டி மோதிரங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்ப வடத்த மொதலாளியே தொடட்டுமே."

சன்னாசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். இருளாயி வெற்றிலையைத் துப்பினாள்.

"நில்லு தம்பி. நீ மலையத் தாங்குனது நெசந்தான். நானே பாத்தேன்."

"கேட்டீங்களா? அக்காவே சொல்லுது!" அவனுக்கு வாயெல்லாம் பல்.

"சனமெல்லாம் எறங்குச்சு. ஆனா தாங்குனத விடச் சொல்லி உங்கிட்ட இன்னும் யாரும் சொல்லலியே. நீ இங்க நிக்கிற, அங்க மலைய யாரு புடிச்சிருக்கா?"

செபமாலை கழுத்தை நீட்டி மலையைப் பார்த்தார். பழனியாண்டியும் பார்த்தார். பிறகு கொட்டகைத் தகரம் அதிரச் சிரித்தார்கள்.

மழை விட்டிருந்தது. இருளாயி கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு தேரை நோக்கி நடந்தாள்.

"ஓடு, ஓடிப்போயிப் புடி. இங்க நாங்க இழுத்துக்கிறோம்."