வெள்ளத்தில் வந்த மூன்று சாமிகள்

சிரிப்பான சங்கதி ஒன்று சொல்லப் போகிறேன். ஏமாந்தவர் முகத்தை நினைத்தால் எனக்கே வயிறு வலிக்கும். ஆனால் சிரிப்பு கடைசியில்தான். அதுவரை அடக்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் மடம் கொள்ளிடத்து நடுத்திட்டில் இருக்கிறது. இருப்பது இரண்டே பேர். குரு ஐயாறப்ப அடிகள். சீடன் சட்டநாதன், அதாவது நான். எனக்குப் பதினாறு வயது. பரிசல்காரர், கீரைக்காரம்மா, மடத்துப் பசு, யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவேன். ஒருமுறை குருவின் குரலில் "டேய் சட்டநாதா" என்று கூப்பிட்டு நானே திடுக்கிட்டு எழுந்து நின்றிருக்கிறேன்.

குருவுக்கு ஒரு நியமம். நண்பகல் பூசை முடிந்ததும் அடியார் ஒருவருக்குக் கால் கழுவி, அமுது படைத்து, அவர் உண்ட பிறகே தான் உண்பார். நாற்பது வருடமாக அப்படித்தான். கரையிலிருந்து யாராவது ஒரு சாமி பரிசலில் வந்துவிடுவார்.

அந்த ஐப்பசியில் ஆறு கரை புரண்டது. பரிசல் நின்றது.

முதல் நாள் யாரும் வரவில்லை. நான் சமைத்ததை எனக்கே பரிமாறிவிட்டு, குரு தண்ணீர் குடித்தார். இரண்டாம் நாளும் தண்ணீர்தான். மூன்றாம் நாள் பூசை மணியைத் தூக்க முடியாமல் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, ஒரு பிடி சாப்பிடுங்கள். யார் பார்க்கப் போகிறார்கள்?"

"அடியார் வரட்டும்டா."

"இந்த வெள்ளத்துக்குப் பயந்து மீனே கரையேறிவிட்டது. அடியார் எப்படி வருவார்?"

"வருவார்."

"வருகிறவர் நிஜமான அடியார்தானா என்று எப்படித் தெரியும்?"

அவர் கண்கள் சொருகின. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

நான்காம் நாள் சமைத்து வைத்துவிட்டு, ஆற்றைப் பார்த்து வருகிறேன் என்று பின்பக்கமாகப் போனேன். பழைய காவி, தேங்காய் நாரில் சடை, உடம்பெல்லாம் நீறு. குருவுக்குக் கண்ணில் புரை. நிழல் மாதிரிதான் தெரியும். குரல் போதும்.

"சிவ சிவா! ராமேசுவரத்திலிருந்து வருகிறோமப்பா. பசி!" என்று மூக்கால் பேசினேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு விரைந்து வந்தார். ஆற்றை எப்படிக் கடந்தீர்கள் என்று கேட்டால், நீர்மேல் நடந்தோம் என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கேட்கவே இல்லை. மணையில் உட்கார வைத்துக் கால் கழுவினார். அந்தத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "நீறு தர வேண்டும் சாமி" என்றார்.

எனக்கு அங்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. குனிந்து குருவின் நெற்றியில் நீறு இட்டேன்.

நான் உண்டேன். பிறகு அவர் உண்டார். தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். முதல் கவளத்தை வெகுநேரம் மென்றார்.

வேஷத்தைக் கலைத்துவிட்டுச் சட்டநாதனாகத் திரும்பினேன்.

"அடியார் வந்தாரா ஐயா?"

"வந்தார்டா. ராமேசுவரத்துக்காரர். நன்றாகச் சாப்பிட்டார். உனக்கும் பசிக்குமே, உட்கார்."

இரண்டாவது இலை! மறுக்க முடியுமா? தின்று தீர்த்தேன்.

மறுநாள் காசியிலிருந்து ஓர் இருமல் சாமி வந்தார். குரு அவர் காலிலும் விழுந்தார். அன்று முழுதும் எனக்கு மனசு சரியில்லை. உண்மையைச் சொன்னால் மறுபடி பட்டினி கிடப்பார். இந்த உடம்பு தாங்காது. சொல்லாவிட்டால், குருவை என் காலில் விழவைத்த பாவம் எனக்கு.

அதற்கடுத்த நாள் மழையில் நனைந்து தொண்டை கட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் மௌன சாமியாக வந்து நின்றேன். உதட்டைத் தொட்டுக் கையை ஆட்டினேன். வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.

"மௌன விரதமா? வாருங்கள் சாமி."

அன்று வெந்நீர் வைத்திருந்தார். என் வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலிடுக்காகத் தேய்த்து வந்தவர், இரண்டாம் விரலுக்கும் மூன்றாம் விரலுக்கும் நடுவில் நின்றார். எனக்கு அங்கே இடுக்கு கிடையாது. பிறவியிலேயே ஒட்டிய விரல்கள்.

"அதிசயம் சாமி" என்றார், சிரிக்காமல். "ராமேசுவரத்துச் சாமிக்கும் இங்கே ஒட்டித்தான் இருந்தது. காசிச் சாமிக்கும் ஒட்டித்தான் இருந்தது."

இத்தனை நாளும் ஏமாந்துகொண்டிருந்தவர் யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஐயா..." கட்டிய தொண்டையில் என் சொந்தக் குரல்தான் வந்தது. "நான் சாமி இல்லை."

அவர் என் காலை இறக்கவில்லை. துண்டால் ஈரத்தை ஒற்றினார்.

"அதைக் கால் கழுவுகிறவன் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லக்கூடாது. எழுந்திருங்கள், இலை போட்டாச்சு."