சாம்பல் பூசிய எள்

"அந்தச் சனியன் புடிச்ச சாம்பலையா என் விதையில பூசச் சொல்றீங்க?"

கோதண்டம் கேட்டதில் நியாயம் இருந்தது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி அவர் நிலத்துக்கு நேர் எதிரே நின்றது. அது துப்பிய சாம்பல் அவர் வயலிலும் விழுந்தது, சோற்றிலும் விழுந்தது.

விதைப் பக்குவம் சொல்லித்தரும் செங்கமலம் அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் அவளிடம் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. கோதண்டம் பேசுவார். மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனிதர்.

"எள்ளு ரொம்ப லேசு ஐயா. பாதி காத்துல போவுது, மீதியை எறும்பு இழுத்துட்டுப் போவுது. கஞ்சி தடவி சாம்பல்ல உருட்டுனா கனம் வரும்."

"ரெண்டு போகம் போச்சு. கடைசிப் படி எள்ளு இது அம்மா. இதுவும் முளைக்கலேன்னா நிலத்தை மின் நிலையத்துக்காரன் சாம்பல் கொட்டுற குட்டைக்கே எழுதிக் குடுத்துட்டுப் போவ வேண்டியதுதான்."

"ஒரு பிடி மட்டும் உருட்டிப் பாருங்க."

வேண்டாவெறுப்பாக உருட்டினார். வெயிலில் காயவைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்தார்.

நான்காம் நாள் பிரித்தார். ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை போனாலும் உள்ளூர ஒரு திருப்தி.

"பாத்தீங்களா? சாம்பல் கொன்னுடுச்சு."

செங்கமலம் ஓர் உருண்டையை நகத்தால் பிளந்தாள். மேலே மெல்லிசாகச் சாம்பல். உள்ளே விதையைச் சுற்றி, கல்லாக இறுகிய கஞ்சி.

"கஞ்சி எத்தனை தடவை பூசுனீங்க?"

கோதண்டம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"சாம்பல் விதை மேல படக் கூடாதுன்னு... ஏழெட்டுத் தடவை."

அவள் சிரிக்கவில்லை. இன்னொரு பிடி எள்ளை வாங்கினாள். உள்ளங்கையில் கஞ்சியைத் தொட்டுத் தடவினாள். தான் கொண்டுவந்திருந்த சாக்கிலிருந்து சாம்பலைத் தூவித் தூவி உருட்டினாள். எள் ஒவ்வொன்றும் மிளகளவு திரண்டது. நிழலில் உலர்த்தி, அவருடைய ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாள்.

மறுபடியும் நான்காம் நாள்.

ஈரச் சாக்கைப் பிரித்த கோதண்டத்தின் கை அப்படியே நின்றது.

சாம்பல் உருண்டைகள் வாய் பிளந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளை வேர். சில முளைகள் சாம்பலைத் தலையில் சுமந்துகொண்டே எழுந்திருந்தன.

ஓர் உருண்டையை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அம்மா, இது எந்தச் சீமைச் சாம்பல்? எங்க ஊருச் சாம்பலுக்கு இவ்வளவு நல்ல மனசு கிடையாதே."

செங்கமலம் காலியான தன் சாம்பல் சாக்கை உதறி அவரிடம் நீட்டினாள்.

"உங்க வயலு கிழக்கு வரப்புல அள்ளினது. தீந்துபோச்சு. இன்னும் கொஞ்சம் கொண்டாங்க."

கோதண்டம் அந்தச் சாக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.