இடது கீழ்ச் சிறகு

பல் மருத்துவர் தேவசகாயம் ஓய்வுபெற்ற பின் ஒரு வாடகைக் கொட்டகையில் மேலும் கீழுமாக இரட்டைச் சிறகு கொண்ட சிறு விமானம் கட்டினார். மரச்சட்டம், அதன்மேல் இழுத்து ஒட்டிய துணி. கற்றுக்கொடுத்தவர் கோசலை. தேவசகாயத்தைவிட வயதில் மிக இளையவர். தன் கையால் கட்டிய விமானத்தில் பல வருடங்களாகப் பறப்பவர்.

வேலை முடிந்து மாதங்கள் ஆகியும் கோசலை பறக்கவிடவில்லை. வருவார், சுற்றிப் பார்ப்பார், "இன்னும் கொஞ்சம் போகட்டும்" என்பார். காரணம் சொல்லமாட்டார்.

தேவசகாயத்துக்குச் சந்தேகம் வந்தது. அவர் விமானத்தைவிட இது அழகாக அமைந்துவிட்டதே என்ற பொறாமையோ? இதன்மேல் கண் வைத்திருக்கிறாரோ? கொட்டகைக்குப் புதுப் பூட்டு வாங்கினார்.

ஒரு காலை நேராகவே கேட்டார். "டீச்சர், இது பறக்குமா, பறக்காதா?"

"வெளியே தள்ளுங்க. முதல்ல நானே தனியா ஓட்டிப் பார்க்கிறேன்," என்றார் கோசலை.

இதற்குத்தான் இத்தனை நாள் இழுத்தடித்தாரா? தேவசகாயம் விமானத்தை வெளியே தள்ளினார்.

கோசலை ஏறி இருக்கை வாரைப் பூட்டிக்கொண்டார். "காத்தாடியைச் சுத்திவிடுங்க, டாக்டர். இன்ஜின் கிளம்பட்டும்."

தேவசகாயம் விமானத்தின் மூக்கிலிருந்த காற்றாடியில் கை வைத்தார். சுற்றவில்லை.

"என்ன?"

"இறங்குங்க டீச்சர்."

"நான் ஓட்டக் கூடாதா?"

"அதில்லை." தேவசகாயத்தின் குரல் தாழ்ந்தது. "இடது கீழ்ச் சிறகுல, சட்டத்துல ஒரு மூட்டு. ஒட்டின அன்னிக்கு அடைமழை. பசை பிடிச்சுதான்னு பார்க்காமலே துணி போட்டுட்டேன்."

"நீங்க ஓட்டுறதா இருந்தா?"

"ஏறிப் போயிருப்பேன்."

கோசலை இறங்கினார். அவர் முகத்தில் வியப்பே இல்லை. அது தேவசகாயத்தை உறுத்தியது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. நான் வர்றப்பல்லாம் நீங்க அந்தப் பக்கத்தை மறைச்சே நின்னீங்க. அவ்வளவுதான்."

"அப்புறம் எந்தத் தைரியத்துல ஏறினீங்க?"

"சுத்திவிடப் போறது நீங்கதானே."

தேவசகாயம் உள்ளே போய்க் கத்தி எடுத்துவந்தார். துணியை நீளமாகக் கிழித்தார். மூட்டைப் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் ஆட்டினார். அசையவில்லை. பசை கல்லாக இறுகியிருந்தது.

"நல்லாத்தான் இருந்திருக்கு," என்றார். "வீணா கிழிச்சுட்டேன்."

கோசலை கிழிசலுக்குள் குனிந்து பார்த்தார்.

"இல்லை, டாக்டர். இப்பதான் நல்லாயிருக்கு."