பதினாலாம் கட்டில் கூப்பிட்டது

பதினாலாம் கட்டிலில் ஒரு உயிர் போய்விட்டது. இதயம் தடுமாறியதும் கட்டிலருகே இருந்த மானிட்டர் கூப்பாடு போட்டிருக்கிறது. நர்ஸுகளின் திரைக்கு அது வந்து சேரவே இல்லை. மானிட்டரின் கூப்பாட்டை வாங்கித் திரைக்கு அனுப்ப, இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு லினக்ஸ் சர்வர்.

"சர்வர்ல ஒரு குறையும் இல்லை. நேத்தே சோதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதுலேர்ந்து நர்ஸுங்க திரைக்குப் போற கேபிள்லதான் கோளாறு," என்றார் சட்டைப்பையில் மூன்று பேனா குத்தித் திரியும் கணினிப் பிரிவுத் தலைவர் ஞானசிகாமணி. கேபிள் இழுத்த ஒப்பந்தத் தொழிலாளி சுடலைக்கண்ணுவிடம் ஒரு தாளை நீட்டினார். "உன் தப்புன்னு எழுதிக் கொடு!"

"தர்றேன் சார். நேத்து செஞ்ச சோதனையை டாக்டரம்மா பார்க்க ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

தலைமை டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். ஞானசிகாமணி சர்வர் முன்னால் உட்கார்ந்து, தொடர்பு இருக்கிறதா என்று கேட்டுப் பதில் வாங்கும் 'பிங்' கட்டளையை அந்தச் சர்வரின் முகவரிக்கே அடித்தார். பதில் வரிவரியாக வந்து விழுந்தது.

"பார்த்தீங்களா!"

சர்வருக்குப் பின்னாலிருந்து சுடலைக்கண்ணு கையைத் தூக்கினான். கழற்றிய கேபிளின் முனை அவன் கையில் இருந்தது. கேபிள் இல்லாமலே திரையில் பதில் வந்துகொண்டே இருந்தது.

அதே முனையை டாக்டரம்மாவின் லேப்டாப்பில் செருகி, நர்ஸுகளின் கணினிக்கு பிங் அடித்தான். உடனே பதில் வந்தது. கேபிளுக்கு உயிர் இருந்தது. செத்துக் கிடந்தது, சர்வரைக் கேபிளோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டு.

"அப்போ நேத்து இவர் எதைச் சோதிச்சார்?" என்றார் டாக்டரம்மா.

"சர்வர் தன்னையே 'நல்லா இருக்கியா'ன்னு கேட்டு, 'நல்லா இருக்கேன்'னு தானே சொல்லிக்கிச்சும்மா. சார் அதைக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டுட்டார். கட்டில்லேர்ந்து கூப்பிட்டவருக்குத்தான் யாரும் பதில் சொல்லலை."