குறும்பாறையின் ஒற்றை ஓலை

அந்த மலைநாட்டில் ஆறு ஊர்கள். நாட்டின் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வோர் ஊரும் முதலில் தனக்குள் கூடிக் கையுயர்த்தித் தன் விருப்பத்தைச் சொல்லும். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஊரின் தேர்வாளர்கள் உச்சிக்கூடத்துக்கு நடந்துபோய், ஆளுக்கோர் ஓலையில் எழுதிக் கொடுப்பார்கள். பெரிய ஊருக்கு ஏழு தேர்வாளர். எவ்வளவு சின்ன ஊரானாலும் ஒருவராவது உண்டு. ஊரில் ஒரே ஒரு கை கூடுதலாக விழுந்திருந்தாலும், அந்தப் பெயரைத்தான் அந்த ஊர்த் தேர்வாளர் எல்லோரும் எழுத வேண்டும். மொத்தம் இருபத்தோர் ஓலை.

குறும்பாறை சின்ன ஊர். அதன் ஒரே தேர்வாளர் எவ்வி. உப்பு விற்பவர், ஐம்பத்தெட்டு வயது. கணவாயில் குடிலமைத்து வாழ்ந்த பேரெயினி அம்மைதான் அவருடைய குரு. குருவுக்குச் சீடரைவிடப் பத்து வயது குறைவு.

ஓலை கொடுக்கும் நாளுக்கு முதல்நாள் காலை, பனிமூட்டத்திலிருந்து எவ்வி குடிலுக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன எவ்வி?"

"அடிவாரத்திலிருந்து ஒருவன் எனக்கு முன்னால் நடந்து வருகிறான், அம்மா. உடம்பெல்லாம் ஈரம். அவன் மிதித்த புல் மடங்கவில்லை."

"யார்?"

"கண்டீரன்."

குறும்பாறை தலைவராக விரும்பியது கண்டீரனைத்தான். அவன் ஆற்றைக் கடக்கும்போது மூழ்கி இறந்து நான்கு நாளாகிவிட்டது. செய்தி ஆறு ஊருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

"பேசினானா?"

"எங்கே போகிறாய் என்று கேட்டேன். 'நீங்கள்தானே என்னை வரச் சொன்னீர்கள்' என்றான். இப்போது உங்கள் வேலியோரம் உட்கார்ந்திருக்கிறான்."

அம்மை எட்டிப் பார்த்தார். வேலியோரக் கல் மட்டும் கறுத்து நனைந்திருந்தது. மழை பெய்து மாதக்கணக்காயிற்று.

"நான் என்ன எழுதட்டும்?" என்றார் எவ்வி. "ஊர் சொன்ன பெயரையே எழுதுவேன் என்று நெருப்பின் முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். அவன் இறந்த செய்தி எனக்கு வழியில்தான் கிடைத்தது. திரும்பிப் போய் ஊரைக் கேட்க நேரமில்லை."

"செத்தவன் ஜெயித்தால்?"

"ஐந்து வருஷம் அவன் பெயரில் ஆணைகள் போகும். யார் எழுதுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது."

"ஊரில் கை உயர்த்தியபோது நீ யாரைச் சொன்னாய்?"

எவ்வி தலை குனிந்தார். "அவனை எதிர்த்து நின்ற அழிசியை. நூற்று முப்பத்தொரு பேர் அழிசியைச் சொன்னோம். நூற்று நாற்பது பேர் கண்டீரனைச் சொன்னார்கள்."

"அப்படியானால் உனக்கு வசதிதானே?"

"அதுதான் பயமாக இருக்கிறது அம்மா."

அம்மை எழுந்து இரண்டு சட்டிகளில் கூழ் ஊற்றினார். ஒன்றை எவ்வியிடம் கொடுத்தார். மற்றதை எடுத்துப் போய் நனைந்த கல்லின் முன்னால் வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

நேரம் போயிற்று. எவ்வியின் சட்டி காலியாயிற்று. கல்லின் முன்னால் இருந்த கூழில் ஆடை படிந்தது.

"தொடவே இல்லை" என்றார் அம்மை.

"செத்தவனுக்கு ஏது பசி?"

பனி விலகிக்கொண்டிருந்தது. கீழே ஆறு ஊர்களிலும் காலைப் பசிக்கு அடுப்புப் புகை எழுந்தது. அம்மை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வியும் பார்த்தார். பிறகு தோள்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மூன்றாம் நாள் பிற்பகலில் திரும்பி வந்தார்.

"கடைசியாக என்னைக் கூப்பிட்டார்கள்" என்றார். "அதற்குள் அழிசிக்குப் பத்து ஓலை. கண்டீரனுக்கும் பத்து."

"இறந்தது தெரிந்துமா?"

"தெரிந்துதான். எல்லோரும் சத்தியம் செய்தவர்கள். தலைவரின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது அம்மா. ஆனால் அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. இருபது பேரும் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்."

"நீ?"

"நான் பார்த்தேன். நெடுநேரம் பார்த்தேன். பிறகு அழிசி என்று எழுதினேன். எழுதி முடித்ததும் சொட்டுவது நின்றது."

"அழிசி தலைவராகிவிட்டார்."

"ஆகிவிட்டார். என் புத்தி எழுதியதா, என் ஆசை எழுதியதா என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை."

"கண்டீரன்?"

எவ்வி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "வருகிறான். இப்போது எனக்குப் பின்னால்."

வாசற்படியில் ஈரம் பரவியது. அம்மை காலை நகர்த்திக்கொண்டார்.

எவ்வி தோள்பையைக் கீழே இறக்கி வைத்தார். "கீழே நூற்று நாற்பது பேர் காத்திருப்பார்கள். என்னைச் சும்மா விடமாட்டார்கள். பெயரை எழுதி ஒரு கழுதையின் கழுத்தில் கட்டி அனுப்பியிருந்தால் வேலை முடிந்திருக்கும். எதற்காக அம்மா நடுவில் ஒரு மனுஷன்?"

"கழுதையை நிறுத்தி, 'ஏன் அப்படிச் செய்தாய்?' என்று யாரும் கேட்க முடியாது எவ்வி. போ, கேட்கட்டும்."